சப்பான்காரர் வீசிய நாற்று முடி

எங்கள் பக்கத்தில் நாற்று முடி வீசுவது ஆண்பிள்ளை வேலை. நான் அதை முப்பது வருஷத்துக்கு மேல் செய்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று தொடங்குவதுதான் முறை என்பார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு முதலில் அதை விளக்கிவிடுகிறேன். நாற்றங்காலில் பறித்த நாற்றைக் கைக்கு அடங்குகிற அளவு சேர்த்து வைக்கோலால் கட்டினால் அது ஒரு முடி. சேறாக உழுத கழனியில் பெண்கள் வரிசையாகக் குனிந்து, பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள். கையில் இருக்கிற முடி தீர்ந்ததும் நிமிர மாட்டார்கள், திரும்ப மாட்டார்கள். ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டுவார்கள். அந்தக் கை போய்ச் சேருகிற இடத்தில் அடுத்த முடி இருக்க வேண்டும். படுத்துக் கிடந்தால் தாள் சேறாகிவிடும். வேர் கீழே, தாள் மேலே என்று நிற்க வேண்டும். வரப்பில் நின்று வீசுகிற ஆளுக்கு யார் கை வேகம், யார் கை மந்தம், யார் பேச்சு வந்தால் நட்டுக்கொண்டிருப்பதை விட்டுவிடுவாள் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் எங்கள் வீட்டுக்காரர்தான் வீசினார். தங்கமான மனிதர். ஆனால் கை சரியில்லை. அவர் வீசினால் ஒன்று என் ஓரகத்தியின் முதுகில் விழும், இன்னொன்று அடுத்த கழனியில் விழும். ஒரு நடவின்போது காலில் முள் ஏறி வீங்கி வீட்டில் படுத்துவிட்டார். ஆள் இல்லாமல் நான் வரப்பில் ஏறினேன். அன்று பொழுது சாயும் வரை ஒருத்தியும் நிமிரவில்லை. கால் ஆறி அவர் திரும்பி வந்தபோது என் ஓரகத்தி, அதாவது அவருடைய அண்ணன் மனைவி, குனிந்த வாக்கிலேயே சொன்னாள்.

"தம்பி, நீ போயி நாத்து புடுங்கு. உன் பொண்டாட்டி வீசட்டும். எங்க முதுவு இப்பத்தான் காய்ஞ்சிருக்குது."

அவரும் சரி என்று போய்விட்டார். சொன்னேனே, தங்கமான மனிதர்.

அப்படி ஆறு வருஷம் வீசியிருந்தேன். பாகிஸ்தான் சண்டை முடிந்த மறு வருஷம் என்று நினைவு. எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். நாங்கள் நட்டது செஞ்சியில் கோட்டை மலைக்குக் கீழே இருந்த நயினார் வீட்டுக் கழனியில். நயினார் சமண சமயத்தவர், பெரிய விவசாயி. எதையும் யோசித்துத்தான் சொல்வார். விவசாயிகளுக்குப் புது முறைகளைச் சொல்லித் தர வருகிற சர்க்கார் ஆளான கிராம சேவக் ஒருவர் அவருக்குச் சப்பான் நடவைப் பற்றி எடுத்துச் சொல்லியிருந்தார். கயிறு பிடித்து நேர் நேராக நட வேண்டும், இளநாற்றாக இருக்க வேண்டும், ஏருக்குப் பதில் கையால் தள்ளிக்கொண்டு போகிற சின்ன டிராக்டர். அந்த டிராக்டரை ஓட்டிக் காட்ட சப்பான் தேசத்திலிருந்தே ஒருவர் வல்லம் வட்டார ஆபீசுக்கு வந்திருந்தார். ஒரு மாதம் எங்கள் பக்கம் இருப்பதாக ஏற்பாடு.

ஆள் குள்ளம், தோள் அகலம். ஆனால் வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் இறங்கி இருக்கும். நாற்பதைத் தாண்டியவர். முழங்காலுக்கு மேல் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, தலையில் தொப்பியோடு, சேற்றில் அந்த வண்டியைப் பிடித்துக்கொண்டு போவார். அது கத்துகிற சத்தத்தில் கோட்டை மலைக் குரங்குகளெல்லாம் அடுத்த மலைக்குப் போய்விட்டன என்று பேசிக்கொண்டோம்.

முதல் நாள் கிணற்றங்கரைச் சின்னக் கழனியைப் பழைய முறையில் நட்டோம். அடுத்த கழனியில் ஓட்டிக்கொண்டிருந்த சப்பான்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். வண்டிதான் கெட்டுப்போயிற்று என்று நினைத்தேன். பார்த்தால் வரப்பில் குந்திக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்திருந்தால் கோபம் வந்திருக்கும். அவர் பார்த்தது என் தோளையும் முழங்கையையும்தான். மாட்டுச் சந்தையில் விவரம் தெரிந்தவன் மாட்டின் நடையைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கிராம சேவக்கிடம் ஏதோ சொன்னார். கிராம சேவக் என்னிடம் வந்தார்.

"ஒரே ஒரு முடி அவரும் வீசிப் பாக்கணுமாம், குடும்மா."

கொடுத்தேன். சப்பான்காரர் முடியின் வேர்ப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அப்போதே தப்பு. ஒரு காலைத் தூக்கினார், உடம்பை முறுக்கினார், கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் விசிறினார். என் ஆயுசில் அப்படி ஒரு வீச்சைப் பார்த்ததில்லை. முடி காற்றிலேயே கட்டவிழ்ந்தது. பாதி நாற்று கிணற்றில் விழுந்தது. மீதி அப்படியே என் ஓரகத்தியின் முதுகில் அறைந்தது.

அவள் திரும்பாமலே சொன்னாள். "இன்னா தம்பி, மறுபடியும் நீயா வந்துட்ட?"

வீட்டுக்காரர் நாற்றங்காலில் இருந்து, "நான் இங்க கீறேன் அண்ணி," என்று குரல் கொடுத்தார். அன்றைக்குத்தான் வேலை நின்று எல்லோரும் நிமிர்ந்தார்கள், சிரிக்க வேண்டி.

மத்தியானம் கூழ் வந்தது. நயினார் வீட்டில் வெங்காயம், பூண்டு, கிழங்கு எதையும் சேர்க்க மாட்டார்கள். கூழுக்குப் பருப்புத் துவையலும் ஊறுகாயும் வரும். வெங்காயத்தை நாங்கள் மடியில் கட்டிக்கொண்டு போவோம். நயினார் அதைப் பார்க்க வேண்டாமே என்று வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். நாங்களும் பாதி திரும்பிக்கொள்வோம். சப்பான்காரருக்கு அந்த மரியாதை தெரியாது. ஓரகத்தி கல்லில் வெங்காயம் நசுக்குவதைப் பார்த்து நேராகக் கையை நீட்டிவிட்டார். அவளும் ஒன்றைக் கொடுத்துவிட்டு, கிராம சேவக்கிடம் கேட்டாள்.

"அவுங்க ஊர்ல இவரு இன்னா வேல பாத்தாரு சார்?"

கிராம சேவக் இங்கிலீஷில் கேட்டார். சப்பான்காரரும் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். மீதியைக் கையால் காட்டினார்.

"பந்து எறியற வேலையாம்."

"அது வெளையாட்டு சார். வேல இன்னான்னு கேளு."

"அதான்மா வேலை. சம்பளத்துக்கு எறிஞ்சாராம். இருபத்தோரு வருஷம்."

இருபத்தோரு வருஷம் ஒரு மனிதன் பந்து எறிந்து பிள்ளைகுட்டிகளைக் காப்பாற்றினான் என்றால் அதை விழுங்க நேரம் வேண்டும்.

"எதிர்ல ஒருத்தன் கட்டையை வெச்சிக்கினு நிப்பான்," என்று கிராம சேவக் விளக்கினார். "அவன் அடிக்க முடியாதபடி இவரு எறியணும்."

"அடிக்கக் கூடாதுன்னா அவங்கையில எதுக்குக் கட்டையைக் குடுத்தாங்க?" என்றாள் ஓரகத்தி.

கிராம சேவக் யோசித்துப் பார்த்துவிட்டு, அந்தக் கேள்வியை மட்டும் சப்பான்காரரிடம் சொல்லாமல் விட்டார்.

கொஞ்சம் கொஞ்சமாக முழுக் கதையும் வந்தது. பனி கொட்டுகிற ஊரில் நெல் விவசாயி வீட்டுப் பிள்ளை. கதிர் முற்றுகிற காலத்தில் குருவி ஓட்டக் கல் எறிந்து எறிந்து வந்த கையாம். பதினெட்டு வயதில் ஒரு குழு கூப்பிட்டுக்கொண்டது. முதல் ஏழெட்டு வருஷம் அவர் எறிந்த பந்து யார் கண்ணுக்கும் தெரியாதாம். அப்புறம் தோள் போயிற்று. இனிமேல் எறியாதே என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஒரு வருஷம் சும்மா இருந்தார். பிறகு வேகம் இல்லாமல் எறியப் பழகினார். வருகிற மாதிரி வந்து கடைசியில் கீழே இறங்கிவிடுகிற பந்து. அதை வைத்துக்கொண்டு இன்னும் ஏழெட்டு வருஷம் ஓட்டினார். நடுவில் அவருடைய குழு அவரை இன்னொரு குழுவுக்கு விற்றுவிட்டது.

"ஆளையா வித்தாங்க?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"பல்லைப் புடிச்சிப் பாத்தாங்களான்னு கேளு சார்," என்றாள் ஓரகத்தி.

இதைக் கிராம சேவக் சொல்லிவிட்டார். சப்பான்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அவளுக்கு எதிரில் வந்து குந்தி, வாயைத் திறந்து பல்லைக் காட்டினார். அவளும் உற்றுப் பார்த்து, "நாலு பல்லு தேய்ஞ்சிருக்குது, ஏரு தாங்கும்," என்றாள்.

கடைசி நாலு வருஷம் அவர் ஆட்டத்தில் இறங்கவில்லை. அடிக்கிறவர்கள் பழகிக்கொள்வதற்காகக் காலையில் எறிகிற வேலை. அவரவர் கட்டைக்குத் தோதாக, அடிக்க வாகாக எறிந்து கொடுக்க வேண்டும்.

"பதினேழு வருசம் அடிக்காதபடி, நாலு வருசம் அடிக்கறாப்பலயா?" என்றேன்.

கிராம சேவக் கேட்டுவிட்டுச் சொன்னார். "ஆமாவாம். பின்னாடி பண்ணதுதான் கஷ்டமா இருந்துச்சாம்."

சொல்லும்போது சப்பான்காரர் என்னைத்தான் பார்த்தார். எனக்கு அப்போது அது பிடிபடவில்லை. கூழ்க் குண்டானைக் கழுவப் போய்விட்டேன்.

சாயங்காலம் தலையில் கல்லைப் போட்டார் கிராம சேவக். மறுநாள் ஏரிக்கழனியில் சப்பான் நடவு. எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார்.

"நாத்து இளசு. வீசினா ஒடிஞ்சிடும். கூடையில எடுத்துக்கினு போயி ஒவ்வொருத்தர் பின்னாடியும் வெக்கணும். புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்குது."

"அப்ப நான் இன்னா பண்றது சார்?"

"நீயும் எறங்கி நடும்மா. ஒரு கை கூடத்தானே."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இறங்கி நடுவது ஒன்றும் கேவலமும் இல்லை, எங்கள் அம்மா நட்டாள், நானும் நட்டவள்தான். ஆனால் அந்த வரப்பு என்னுடையது. ஆறு வருஷமாக ஊரில் யார் வீட்டு நடவு என்றாலும், "வீசறதுக்கு அந்தம்மாவைக் கூப்புடு," என்றுதான் ஆள் அனுப்புவார்கள். நயினார் வீட்டில் வீச்சு நின்றால் நாலு மாதத்தில் எல்லாக் கழனியிலும் நின்றுவிடும். நயினாரைப் பார்த்தேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அப்போது சப்பான்காரர் என்ன பேச்சு என்று கேட்டார். கிராம சேவக் சொன்னார். சப்பான்காரர் கழனியைக் காட்டி, கையால் நடுவில் ஒரு கோடு கிழித்துக் காட்டினார். பாதிக் கழனிக்கு வீசு, பாதிக் கழனிக்குக் கூடை, பன்னிரண்டு நாள் கழித்துப் பார்க்கலாம் என்றார்.

"அதும் சரிதான்," என்றார் நயினார். "கழனியே சொல்லட்டும். வீசின பக்கம் பழுதுன்னா இனிமே கூடைதாம்மே. அப்ப வருத்தப்படக் கூடாது."

"சரிங்க," என்றேன்.

மறுநாள் காலையில் நான் ஒரு காரியம் செய்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். சப்பான்காரர் வரப்பில் வந்து உட்கார்ந்துவிட்டாரா, எனக்குள் ஏதோ ஏறிக்கொண்டது. வழக்கமாக நிற்கிற வரப்பை விட்டுவிட்டு, ஒரு கழனி தள்ளி எட்டத்து வரப்பில் போய் நின்றேன். அங்கிருந்து முதல் பத்துப் பன்னிரண்டு முடியைக் கழனி தாண்டி உயர வீசினேன். எல்லாம் சரியான இடத்தில்தான் போய் நின்றன. ஒன்றும் சாயவில்லை. பெண்கள்கூட, "இன்னாடி, மானத்துலருந்து வருது," என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சப்பான்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தோளை ஒரு தரம் தடவிக்கொண்டார். பிறகு கை வலித்ததால் பழைய இடத்துக்கு வந்து, வழக்கம்போல் இடுப்பளவில் வீசி மீதியை முடித்தேன்.

ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தோம். கூடைப் பக்கம் பரவாயில்லை. வீசின பக்கத்தில் மேற்கு மூலை மஞ்சளாகச் சோர்ந்து கிடந்தது.

"நான் சொன்னேனா இல்லியா?" என்றார் கிராம சேவக். "ஒடிஞ்சிடுச்சி பாருங்க."

சப்பான்காரர் அந்த மூலைக்குப் போய்க் குனிந்து நாற்றுக் குத்துகளை எண்ணினார். அப்புறம் எழுந்து நடந்தார். எங்கே போகிறார் என்று பார்த்தால், நான் நின்றிருந்த அந்த எட்டத்து வரப்புக்கு. அங்கே நின்று மூலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கோட்டை மலையைப் பார்த்தேன்.

திரும்பி வந்து கிராம சேவக்கிடம் ஒரு கதை சொன்னார். எதற்குச் சொல்கிறார் என்று தெரியாமலே அவரும் எங்களுக்குச் சொன்னார். சப்பான்காரரின் நைனா, அதாவது அப்பா, கழனியை விட்டு எங்கும் போகாத மனிதர். மகன் பந்து எறிவதைப் பார்க்க ஒரே ஒரு முறை ரயில் ஏறி வந்தாராம். அன்றைக்கு மகன், நைனா பார்க்கிறாரே என்று பலம் கொண்ட மட்டும் எறிந்தார். எதிரில் நின்றவன் எல்லாவற்றையும் அடித்துத் தள்ளினான். அன்றைய ஆட்டமும் போயிற்று. நைனா ஊருக்குப் போகும்போது, இதுக்கா சம்பளம் தர்றாங்க என்று கேட்டாராம்.

"பாவம்," என்றாள் ஓரகத்தி. எனக்குக் காது சுட்டது.

நடுவில் அமாவாசை வந்தது. எல்லோரும் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனோம். கூட்டத்தில் ஓரகத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"உனுக்காவத்தான் அம்மாகிட்ட வேண்டிக்கினேன். அந்தக் கழனி பச்ச புடிக்கணும்னு."

"அவ்ளோ ஆசையா என்மேல?"

"பின்ன? நீ எறங்கி என் பக்கத்துல நின்னு நட்டா, நாளெல்லாம் உன் பெருமையை யாரு கேட்டுக்கினு நடறது?"

பன்னிரண்டாம் நாள் எல்லோரும் கழனியில் கூடினோம். வீசின பக்கம் கறுகறு என்று பச்சை பிடித்துவிட்டது, அந்த மூலை தவிர. கூடைப் பக்கமும் பச்சைதான். ஆனால் கூடைக்காரன் நடந்த காலடிப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கி, அங்கங்கே நட்ட நாற்று மிதந்து போய்ச் சொட்டையாக இருந்தது.

கிராம சேவக் நியாயமான மனிதர். இரண்டு பக்கமும் நடந்து பார்த்துவிட்டுச் சொன்னார். "அந்தப் பக்கம் நாலஞ்சி எடம் காலி. இந்தப் பக்கம் ஒரு மூலை காலி. ரெண்டும் சமம். சமம்னா புஸ்தகப்படி போறதுதான் நல்லது."

நயினார் தலையை ஆட்டத் தொடங்கினார். அவர் தலை ஆடி முடிந்தால் முடிந்ததுதான். வாயைத் திறந்தால் என் மானம் போகும், திறக்காவிட்டால் வரப்பு போகும். சப்பான்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து காலில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அந்த மூலை என் தப்புங்க," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அங்க விழுந்ததை மட்டும் எட்டத்து வரப்புல நின்னு வீசினேன். அவ்ளோ ஒசரத்துலருந்து வுழுந்தா இளநாத்து வேரு நசுங்கிடும். எனுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வீசினேன். மீதியெல்லாம் எப்பவும் போல வீசினது. அது எப்படி இருக்குதுன்னு பாருங்க."

"எதுக்கும்மே அப்படி வீசினே?" என்றார் நயினார்.

"இவரு பாத்துக்கினு இருந்தாரு."

ஓரகத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நயினார் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். அன்று சிரித்தார்.

"சார், புஸ்தகத்துல ஜம்பத்தைப் பத்தி ஒண்ணும் போடலியே," என்று கிராம சேவக்கிடம் சொன்னார். "அந்த மூலையைக் கழிச்சிட்டுப் பாரு. கயிறு புடிச்சே நடட்டும். முடியை இந்தம்மா வீசட்டும்."

கிராம சேவக் இன்னொரு முறை இரண்டு பக்கமும் நடந்தார். பிறகு நோட்டை எடுத்து ஏதோ அடித்துவிட்டு, ஏதோ எழுதிக்கொண்டார். எனக்கு அந்த அளவு எழுத்து படிக்க வராது. ஆனால் அவர் எழுதும்போது தலையை ஆட்டியது நல்லபடியாகத்தான் இருந்தது. அன்று பொழுதுக்குள் அந்த மூலைக்கு நானே இறங்கி, சாய்ந்ததைப் பிடுங்கிவிட்டு வேறு நாற்று நட்டேன். யாரையும் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு சப்பான்காரர் சாயங்காலங்களில் வண்டியை நிறுத்திவிட்டு, நாற்றங்காலில் கழித்துப் போட்ட நாற்றை முடியாகக் கட்டி வீசிப் பழகினார். தாள் நுனியைப் பிடிக்க வேண்டும், கை இடுப்புக்கு மேல் ஏறக் கூடாது என்று காட்டினேன். இருபத்தோரு வருஷத்துக் கை அவ்வளவு சுலபத்தில் இறங்குமா? வீசும்போதெல்லாம் ஒரு கால் தானாகத் தூக்கிக்கொள்ளும். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, "எனுக்கும் இப்படித்தான் ஆச்சி சார்," என்று ஆறுதல் சொல்வார். இரண்டு பேரும் பேச்சு புரியாமலே ஒரே சுருட்டை மாற்றி மாற்றிப் பிடிப்பார்கள்.

அவர் ஊருக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் பள்ளக்கழனியில் நடவு. கயிறு பிடித்து நேராக நட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வரப்பில் நின்று வீசிக்கொண்டிருந்தேன். சப்பான்காரர் வந்து பக்கத்தில் நின்றார், கேட்கவில்லை. ஒரு முடியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கித் தாள் நுனியைப் பிடித்தார். தொப்பியைக் கழற்றி வரப்பில் வைத்தார். ஒவ்வொருத்தி முதுகாகப் பார்த்துக்கொண்டே வந்து, என் ஓரகத்தியிடம் நின்றார். அவள் கை முடி தீரப் போகிற நேரம். இரண்டு காலும் தரையில் இருக்க, கை இடுப்புக்குக் கீழே இருக்க, வீசினார்.

வேர் கீழே, தாள் மேலே. சேறுகூடத் தெறிக்கவில்லை. ஓரகத்தியின் கை பின்னால் வந்தது, முடியைத் தொட்டது, எடுத்துக்கொண்டு போயிற்று.

"இன்னிக்குத்தாண்டி ஒழுங்கா வீசற," என்றாள் திரும்பாமலே.

சப்பான்காரர் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். கிராம சேவக் சொன்னார். சப்பான்காரர் இரண்டு கையையும் தொடையோடு வைத்துக்கொண்டு, தன் ஊர் வழக்கப்படி, என் ஓரகத்தியின் முதுகைப் பார்த்து இடுப்பு வரை குனிந்து வணங்கினார். அவளும் குனிந்துதானே இருந்தாள். ஒன்றும் தெரியாமல் நட்டுக்கொண்டே பின்னால் வந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது அவளிடம் சொன்னேன். அந்த முடியை வீசினது நான் இல்லை, அவர் என்று.

"அதானே பாத்தேன்," என்றாள். "நீ வீசினா கொஞ்சம் எடது பக்கமா சாஞ்சிதான நிக்கும்."

நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.